போட்டியாளரின் அறியாமையால் யாருக்கு லாபம்?

எந்த நிறுவனத்திலும் மாதச் சம்பளத்துக்கு அமராமல், கிடைக்கும் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக விலை பேசி, சொந்தக் கருவிகளைக் கொண்டு படமெடுத்துப் பிழைப்பவரை ஃப்ரீலான்ஸ் புகைப்படக் கலைஞர் என்பர். அவருக்குச் சக ஊழியர் என்று எவருமில்லை. அதே ஊரில் அதே தொழில் செய்யும் மற்ற எல்லோரும் அவருடைய போட்டியாளர்கள்தான். ஆனால் தொழிலில் ஒரு சந்தேகம் வந்தால் கேட்பதற்கும், காய்ச்சலில் படுத்துவிட்ட நாளில் தனக்குப் பதிலாக ஆள் அனுப்புவதற்கும், தான் கேட்கும் தொகை நியாயமானதுதானா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கும் அந்தப் போட்டியாளர்களை விட்டால் அவருக்கு வேறு நாதியில்லை. கற்றதைப் பகிரலாமா, கூடாதா என்ற கேள்வி இத்தொழிலில் ஓயாமல் எழுவதற்கு இந்த இரட்டை நிலையே காரணம்.

இக்கேள்விக்குப் பொதுவாக இரண்டு விடைகள் தரப்படுகின்றன. பகிர்வது பெருந்தன்மை என்பது ஒன்று. வித்தையைக் கொடுத்தவன் வாய்ப்பையும் சேர்த்தே கொடுக்கிறான் என்பது மற்றொன்று. இரண்டும் கொடுப்பவர் பக்கம் நின்று மட்டுமே கணக்குப் பார்க்கின்றன. குறிப்பிட்ட ஒரு விஷயம் போட்டியாளருக்குத் தெரியாமலிருப்பதால் உண்மையில் லாபமடைபவர் யார் என்று கேட்டால் கணக்கு வேறு விதமாக வருகிறது. சில அறியாமைகளால் மறைப்பவருக்கு லாபம். சிலவற்றால் வேலை கொடுப்பவருக்கு லாபம். சிலவற்றால் எவருக்கும் லாபமில்லை, மறைத்தவருக்கே ஆபத்து.

புகைப்படக் கலை பிறந்ததே இந்தச் சிக்கலோடுதான். லூயி தாகேர் உருவாக்கிய முறை, அதாவது வெள்ளிப் பூச்சிட்ட செப்புத் தகட்டில் உருவத்தைப் பதிக்கும் முறை, 1839 ஜனவரியில் பாரிஸ் அறிவியல் கழகத்தில் அறிவிக்கப்பட்டபோது அதன் செய்முறை வெளியிடப்படவில்லை. பிரெஞ்சு அரசு தாகேருக்கு ஆண்டுக்கு 6,000 பிராங்க், அவருடைய மறைந்த கூட்டாளி நியெப்ஸின் மகனுக்கு 4,000 பிராங்க் என வாழ்நாள் ஓய்வூதியம் வழங்க ஒப்புக்கொண்ட பிறகே, 1839 ஆகஸ்ட் 19 அன்று செய்முறை முழுவதும் பொதுவில் வைக்கப்பட்டது. இன்று உலகப் புகைப்பட நாளாகக் கொண்டாடப்படுவது அந்த நாள்தான். விழா மேடைகளில் அதிகம் சொல்லப்படாத செய்தி ஒன்றும் உண்டு: அதற்கு ஐந்து நாட்கள் முன்பே, ஆகஸ்ட் 14 அன்று, அதே முறைக்கு இங்கிலாந்தில் தாகேர் தரப்பில் காப்புரிமை எடுக்கப்பட்டிருந்தது. பிரான்சில் எவரும் இலவசமாகச் செய்யக்கூடியதை இங்கிலாந்தில் பணம் கட்டித்தான் செய்ய முடிந்தது. அந்த உரிமையை வாங்கி 1841-இல் லண்டனில் உருவப்பட ஸ்டுடியோ திறந்த ரிச்சர்ட் பியர்ட், போட்டியாளர்கள் மீது வழக்குகள் தொடுத்துக்கொண்டிருந்தார். பத்தாண்டுகளுக்குள் திவாலும் ஆனார்.

அதே 1841-இல் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட், ஒரு காகித நெகட்டிவிலிருந்து பல பிரதிகள் எடுக்கும் கேலோடைப் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். அந்த உரிமை ஸ்காட்லாந்துக்கு விரிவாக்கப்படவில்லை; எனவே எவருக்கும் கட்டணம் செலுத்தாமல் எடின்பரோவில் டேவிட் ஆக்டேவியஸ் ஹில்லும் ராபர்ட் ஆடம்சனும் 1843 முதல் சில ஆண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கான படங்களை எடுத்துக் குவித்தார்கள். 1851-இல் லண்டன் சிற்பி ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர், கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசைத் திரவத்தைப் பூசி ஈரம் காயுமுன் படமெடுக்கும் முறையைக் காப்புரிமை எதுவும் கோராமல் ஓர் இதழில் வெளியிட்டார். அதுவும் தம் உரிமைக்குள் அடங்கும் என்றார் டால்பட். 1852-இல் பொழுதுபோக்காகப் படமெடுப்போருக்குத் தம் உரிமைகளை விட்டுக்கொடுத்தபோதும், காசுக்கு உருவப்படம் எடுப்போருக்கு மட்டும் தடையைத் தளர்த்த மறுத்தார். 1854 டிசம்பரில், லாரோஷ் என்ற ஸ்டுடியோக்காரர் மீது அவர் தொடுத்த வழக்கில், ஆர்ச்சரின் முறை டால்பட்டின் உரிமையை மீறவில்லை என்று ஜூரர்கள் தீர்ப்பளித்த பிறகே அத்தடை உடைந்தது.

மூடியவர் முடங்கினார், திறந்ததால் தொழில் செழித்தது என்று இவ்வரலாற்றைச் சுருக்கிவிடலாம். ஆனால் அது பாதி உண்மைதான். அடுத்த கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஸ்டுடியோக்கள் ஆர்ச்சரின் முறையைக் கொண்டே சம்பாதித்தன. ஆர்ச்சரோ 1857-இல் வறுமையில் இறந்தார். அவருடைய குடும்பத்துக்காக நன்கொடை திரட்டப்பட்டது. பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு அரசு உதவித்தொகை கிடைத்தது. ஒரு விதத்தில் பார்த்தால், தாகேர் தம் அறிவைப் பகிரவில்லை, விற்றார். வாங்கியது அரசாங்கம் என்பதால் அது பகிர்வைப் போலத் தோற்றமளித்தது. உண்மையாகவே பகிர்ந்தவர் ஆர்ச்சர் ஒருவர்தான். பகிர்வின் செலவை யார் ஏற்பது என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டுப் பகிர்வின் மேன்மையைப் பேசுவோர் அவர் கதையைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நுட்பத்தைப் பொறுத்தவரை, அதை மறைத்துவைப்பது நடைமுறையில் கடினம். மறைத்தாலும் பயன் குறைவு. முடிந்த படமே பாதி ரகசியத்தைச் சொல்லிவிடுகிறது. உருவப்படத்தில் இருப்பவரின் கண்மணியைப் பெரிதாக்கிப் பார்த்தால், அதில் விளக்கின் பிரதிபலிப்பு வெள்ளைப் புள்ளியாகவோ கட்டமாகவோ தெரியும். அது குடை விளக்கா, சாஃப்ட்பாக்ஸா, ஜன்னல் வெளிச்சமா, எந்தப் பக்கத்தில் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதைப் பழகிய கண் நொடியில் படித்துவிடும். கேட்டால் சொல்ல மறுத்த ஒன்றைத் தம் ஆல்பத்திலேயே அச்சிட்டு ஊருக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதைப் பல மூத்த கலைஞர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

எழுதி வெளியிட்டாலும் கைமாறாத பகுதி ஒன்று உண்டு என்பதற்கு ஆன்சல் ஆடம்ஸ் சிறந்த சான்று. விளம்பரப் படங்கள் உட்படக் கூலி வேலைகளால் நெடுங்காலம் பிழைத்த அந்த அமெரிக்கர், கடும் கறுப்பு முதல் தூய வெள்ளை வரையிலான வெளிச்ச அளவுகளைப் படிகளாகப் பிரித்து, எந்தப் பொருள் எந்தப் படியில் விழ வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானிக்கும் மண்டல முறையை, ஃபிரெட் ஆர்ச்சர் என்ற ஆசிரியரோடு சேர்ந்து 1940-ஐ ஒட்டி வகுத்தார். அதை ஒளிக்காமல் வகுப்புகளிலும் நூல்களிலும் படிப்படியாகக் கற்பித்தார். 1941-இல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஹெர்னாண்டஸ் சிற்றூரில் நிலவு எழும் மாலையைக் கண்டு காரை நிறுத்திப் படமெடுத்தபோது ஒளியளவு மீட்டர் கைக்கு அகப்படவில்லை என்பதையும், நிலவின் ஒளி சதுர அடிக்கு 250 கேண்டில் என்று நினைவிலிருந்ததைக் கொண்டே கணக்கிட்டதையும், அடுத்த தகட்டை எடுப்பதற்குள் கல்லறைச் சிலுவைகள் மேலிருந்த வெயில் மறைந்துவிட்டதையும் அவரே விவரமாக எழுதியுள்ளார். கணக்கு உலகுக்கே தெரியும். அதனால் அந்தப் படத்தின் மதிப்பு இம்மியும் குறையவில்லை. ஓடும் காரை நிறுத்தத் தோன்றிய கண்ணுக்குச் செய்முறைக் குறிப்பு எழுத முடியாது.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. புதிதாக வந்த நுட்பத்துக்கு முதல் ஒன்றிரண்டு பருவங்களில் தனி விலை கிடைக்கிறது. தமிழகக் கல்யாணங்களில், வரிசையில் நிறுத்தி எடுக்கும் வழக்கத்துக்கு மாறாக, ஆட்கள் அறியாதபோது இயல்பாக எடுக்கும் ‘கேண்டிட்’ முறை பரவத் தொடங்கியபோதும், பிறகு ட்ரோன் வந்தபோதும், முதலில் கற்றவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் தொகை கேட்க முடிந்தது. அந்தக் குறுகிய காலத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பவரைக் குறை சொல்ல நியாயமில்லை. முதலீட்டை மீட்கும் உரிமை அவருக்கு உண்டு. ஆனால் அந்த லாபம் சீக்கிரமே கரையக்கூடியது என்பதை அறிந்து மறைப்பது ஒன்று, இருபது ஆண்டுகளாக எல்லோருக்கும் தெரிந்ததை ரகசியமென நம்பிக் காப்பது வேறொன்று.

போட்டியாளர் என்ற சொல்லே கல்யாணத் தொழிலில் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதும் யோசிக்கத்தக்கது. ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலான இந்துக் குடும்பங்கள் கல்யாணம் வைப்பதில்லை. புரட்டாசியையும் பலர் தவிர்க்கிறார்கள். ஆவணி, தை, வைகாசி மாதங்களிலோ, நல்ல முகூர்த்தம் அமைந்த ஒரே வளர்பிறை நாளில் ஊரிலுள்ள எல்லா மண்டபங்களும் நிரம்பிவிடுகின்றன. பொருளியல் மொழியில் சொன்னால், தேவை சில நாட்களில் மட்டும் குவிகிறது. ஒருவர் ஒரே நேரத்தில் ஒரு மண்டபத்தில்தான் நிற்க முடியும் என்பதால், அந்நாளில் இரண்டாவதாக வரும் ஆர்டர் எவ்வளவு பெரிதானாலும் கைவிட்டே ஆக வேண்டும். அப்படிக் கைவிடப்படும் ஆர்டர் யாரிடம் போகிறது என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கைவிடுபவரின் பரிந்துரைதான். மேலும் போட்டோ, வீடியோ, கேண்டிட், ட்ரோன் என்று ஒரு கல்யாணத்துக்கே நான்கைந்து பேர் தேவைப்படுவதால், இன்று ஆர்டர் எடுத்தவர் தம் போட்டியாளரை நாள் கூலிக்கு அழைக்கிறார். அடுத்த முகூர்த்தத்தில் அழைத்தவரே அழைக்கப்பட்டவராகிறார். காலியான மாதங்களில் ஒருவரையொருவர் விலையில் வெட்டிக்கொள்ளும் அதே ஆட்கள் முகூர்த்த நாளில் ஒருவரில்லாமல் மற்றவர் இயங்க முடியாது.

பெண் வீட்டார் ஒரு போட்டோகிராபரையும் மாப்பிள்ளை வீட்டார் இன்னொருவரையும் அமர்த்தும் கல்யாணங்களில் இது ஒரே மேடையில் கண்கூடாகத் தெரியும். கெட்டிமேளம் ஒலிக்கத் தொடங்கியதும், அட்சதை பறக்கும் அந்தச் சில நொடிகளுக்குள், தாலி முடிச்சும் மணமகளின் முகமும் ஒருசேரத் தெரியும் இடம் மேடையில் ஒரு முழ அகலம்தான் இருக்கும். இருவரும் அதற்காக முட்டிக்கொண்டால் ஒருவர் சட்டகத்தில் மற்றவரின் முதுகு விழும். ஒருவர் ஃபிளாஷ் மற்றவர் படத்தை வெளுக்கவைக்கும். தாலியைத் திரும்பக் கட்டச் சொல்லவும் முடியாது. அனுபவசாலிகள் முகூர்த்தத்துக்கு முன்பே ஒதுங்கி நின்று, யார் மண்டியிடுவது, யார் தலைக்கு மேலாக எடுப்பது என்று இரண்டு வார்த்தை பேசி முடித்துவிடுகிறார்கள். அதை நட்பு என்று சொல்ல வேண்டியதில்லை. இருவர் சோற்றுக்கும் உத்தரவாதம் தேடும் ஏற்பாடு அது.

இத்தகைய ஏற்பாடுகள் எழுதப்படாத விதிகளின் மேல்தான் நிற்கின்றன. அவற்றில் முதன்மையானது விசிட்டிங் கார்டு பற்றியது: இன்னொருவர் ஆர்டரில் மாற்றாளாகப் போகிறவர் அந்த வீட்டாரிடம் தம் கார்டைக் கொடுக்கக் கூடாது, வீட்டார் கேட்டாலும் அனுப்பியவர் பெயரைத்தான் சொல்ல வேண்டும். இதை மீறியவரைத் தண்டிக்க நீதிமன்றம் எதுவுமில்லை. அடுத்த முகூர்த்தத்துக்கு அவருக்குப் போன் வராது, அவ்வளவுதான்.

பிற தொழில்களைப் பற்றிய ஆய்வுகளும் இதே வடிவத்தைக் காட்டியுள்ளன. அமெரிக்கச் சிறு எஃகு ஆலைகளைப் பற்றி எரிக் வான் ஹிப்பல் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், போட்டி ஆலைகளின் பொறியாளர்கள் தங்களுக்குள் தொழில்நுட்ப விவரங்களைச் சகஜமாகக் கேட்டும் கொடுத்தும் வந்தது தெரியவந்தது. அது கண்ணை மூடிக்கொண்டு செய்த தானமல்ல, திரும்பக் கொடுப்பார் என்று நம்பத்தக்கவருடன் மட்டும் நடந்த கொடுக்கல் வாங்கல். பிரான்சின் புகழ்பெற்ற சமையற்கலைஞர்களைப் பற்றி எம்மானுவேல் ஃபோஷாரோடு சேர்ந்து அவர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு மூன்று வழக்கங்களைப் பதிவு செய்தது: அடுத்தவர் பதார்த்தத்தை அப்படியே நகலெடுக்கக் கூடாது, கேட்டுப் பெற்ற குறிப்பை அனுமதியின்றி மூன்றாமவருக்குக் கொடுக்கக் கூடாது, யாரிடமிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். இவற்றை மதிப்பவருக்குக் கேட்டது கிடைத்தது. பகிர்வு இங்கெல்லாம் நிபந்தனைக்குட்பட்டதாகவே வாழ்கிறது. வாடிக்கையாளர் பட்டியலோடு வெளியேறித் தனிக்கடை போடும் உதவியாளர் அந்த நிபந்தனையை உடைக்கிறார். வாடிக்கையாளர் பெயர், இன்னும் வெளிவராத படைப்பின் யோசனை, பல ஆண்டு நம்பிக்கையால் கிடைத்த நுழைவு ஆகியவை கேட்டவுடன் சொல்லிவிட வேண்டிய செய்திகளல்ல. இவை போட்டியாளருக்குத் தெரியாதிருப்பதன் லாபம் உழைத்தவருக்கே சேர்கிறது, அதில் பிழையில்லை.

மறு கோடியில், போட்டியாளருக்குத் தெரியாவிட்டால் தமக்கே உயிராபத்தாக முடியும் அறிவு இருக்கிறது. 2011 ஏப்ரல் 20 அன்று லிபியாவின் மிஸ்ரட்டா நகரில் குண்டுவீச்சில் டிம் ஹெதரிங்டன், கிறிஸ் ஹோண்ட்ரோஸ் ஆகிய இரு புகைப்படச் செய்தியாளர்கள் உயிரிழந்தார்கள். ஹெதரிங்டன் காயத்திலிருந்து பெருகிய ரத்தம் நிற்காமல் இறந்தார். இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் பயிற்சி உடனிருந்தவர்களுக்கு இருந்திருந்தால் அவர் பிழைத்திருக்கக்கூடும் என்ற எண்ணமே, அவருடைய நண்பர் செபாஸ்டியன் ஜங்கரைப் போர்க்களத்துக்குப் போகும் ஃப்ரீலான்ஸ் செய்தியாளர்களுக்கு இலவச முதலுதவிப் பயிற்சி தரும் ரிஸ்க் என்ற அமைப்பைத் தொடங்க வைத்தது. கை கால்களில் இறுக்கிக் கட்டி ரத்தத்தை நிறுத்தும் டூர்னிக்கே பட்டையை எப்படிப் போடுவது என்பது அங்கே சொல்லித்தரப்படும் பாடங்களில் ஒன்று. அடிபட்டு நினைவிழந்தவருக்குத் தாம் கற்ற முதலுதவி உதவாது. பக்கத்தில் நிற்பவர் கற்றதே உதவும். பக்கத்தில் நிற்பவரோ, அதே சண்டையின் அதே படத்தை வேறொரு பத்திரிகைக்கு விற்க வந்திருக்கும் போட்டியாளர்.

விலையும் ஒப்பந்தமும் இந்த இரண்டு கோடிகளுக்கும் நடுவில் இருக்கின்றன. பெரும்பாலோர் தவறாகக் கணக்கிடுவதும் இங்கேதான். நுட்பத்தைத் தாராளமாகச் சொல்லித்தருபவர்கூட, எவ்வளவு வாங்கினீர்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றுவார். ஆனால் தேய்மானம், இன்சூரன்ஸ், எடிட்டிங் நேரம், வேலையில்லாத மாதங்கள் ஆகியவற்றைச் சேர்க்காமல் விலை சொல்லும் புதியவர் தாமும் நஷ்டப்பட்டு, பக்கத்து ஸ்டுடியோவின் பேரத்தையும் கீழே இழுக்கிறார். அவர் அறியாமையால் லாபமடைவது வேலை கொடுப்பவர் ஒருவரே. ஒப்பந்தமும் இப்படித்தான். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டுக்கொண்டதன்பேரில் எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். ஒரு வரி எழுதி வாங்கியிருந்தால் மாறிவிடக்கூடிய இந்த நிலையை அறியாத நூறு பேர் கையெழுத்திடாமலே உரிமையை இழக்கும் சந்தையில், அறிந்த ஒருவர் அந்த வரியைக் கேட்டால் வம்பு பிடித்தவராகத் தெரிவார். 1947-இல் ராபர்ட் காப்பா, ஆன்ரி கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன், டேவிட் சீமோர், ஜார்ஜ் ரோஜர் முதலியோர் மேக்னம் கூட்டுறவைத் தொடங்கியபோது முதன்மையாகக் கருதியதும் அழகியலை அல்ல, படத்தின் உரிமை எடுத்தவரிடமே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத்தான். தனித்தனியாகக் கேட்டால் எந்தப் பத்திரிகையும் காது கொடுக்காத ஒன்றை அவர்கள் சேர்ந்து கேட்டார்கள். உலகத்தையும் ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அதே பங்கீட்டை இரண்டு சிமெண்ட் கம்பெனிகள் செய்திருந்தால் அதன் பெயர் வேறாக இருந்திருக்கும்.

கூட்டுச்சதி என்ற அந்தப் பெயர்தான் இங்குள்ள சட்டச் சிக்கல். போட்டியாளர்கள் கூடி விலையை நிர்ணயிக்கும் உடன்பாடு சந்தையைக் கெடுப்பதாகவே இந்தியப் போட்டிச் சட்டம், 2002-இன் 3-ஆம் பிரிவு அனுமானிக்கிறது. சங்கத்தின் பெயரால் செய்தாலும் விலக்கில்லை. ஏழைகளுக்காக வாதாடும் தனி வழக்கறிஞர்கள் கட்டண உயர்வு கேட்டுக் கூட்டாக வழக்கெடுக்க மறுத்ததை, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1990-இல் விலைக் கூட்டுச்சதி வகையிலேயே சேர்த்தது. ஐரோப்பிய ஆணையம் 2022-இல்தான், ஊழியரைப் போலவே ஒரு தரப்பைச் சார்ந்து பிழைக்கும் தனித்தொழிலாளர்கள் கூட்டாகப் பேரம் பேசலாம் என்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஒரு முதலாளியும் ஆயிரம் கூலிகளும் என்ற நிலையிலுள்ள தொழிலை, ஆயிரத்தொரு கம்பெனிகள் என்று சட்டம் பார்ப்பதன் விளைவு இது. எனவே ஒரு சங்கம் ‘இதற்குக் குறைவாக எவரும் போகக் கூடாது’ என்று பலகை மாட்டினால் சிக்கல் வரலாம். ஒரு நாள் வேலையின் உண்மையான அடக்கச் செலவை எப்படிக் கணக்கிடுவது என்று கற்பிப்பதும், உரிமை வரி அடங்கிய மாதிரி ஒப்பந்தத்தைச் சுற்றுக்கு விடுவதும் விலை நிர்ணயம் ஆகாது.

தமிழகத்தின் பல ஊர்களில் போட்டோ, வீடியோ கலைஞர் சங்கங்கள் ஆகஸ்ட் 19-ஐக் கொண்டாடுகின்றன. பயிற்சிப் பட்டறைகளும் நடக்கின்றன. மேடையேறிக் கற்பிப்பவர் இழக்கும் ஒரு நாள் வருமானத்தையும் மண்டப வாடகையையும் பல நேரங்களில் ஏற்பது கேமரா, லென்ஸ், விளக்கு விற்கும் நிறுவனங்கள். தாகேருக்கு ஓய்வூதியம் கொடுத்த அரசின் இடத்தில் இன்று அவை நிற்கின்றன. இதில் தவறேதுமில்லை, கற்பிப்பவருக்கு ஸ்காட் ஆர்ச்சரின் கதி நேராமல் காப்பதும் அந்தப் பணம்தான். ஆனால் செலவை ஏற்பவருக்குப் பயன்படும் பாடமே பாடத்திட்டத்தில் இடம்பெறும். குறைந்த வெளிச்சத்தில் எடுப்பது, புதிய லென்ஸின் பின்புல மங்கல், வயர்லெஸ் ஃபிளாஷ் என்று படத்தைப் பார்த்தே பாதி கற்றுக்கொள்ளக்கூடிய நுட்பங்கள் அங்கே நாள் முழுக்கச் சொல்லித்தரப்படுகின்றன; 17-ஆம் பிரிவையும் அடக்கச் செலவுக் கணக்கையும் சொல்லித்தருவதற்குப் பணம் கட்ட முன்வரும் கம்பெனி எதுவுமில்லை.